அக்கா வீட்டுக்குப் போகும் வழி

செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் நான்காவது மாடியில், என் வீட்டு வாசலுக்கும் அக்கா வீட்டு வாசலுக்கும் நடுவே லிப்டு மட்டும்தான் இருக்கிறது. பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். இருந்தும் அவள் வீட்டில் அமுக்கும் பொத்தான் என் வீட்டில் மணியாக அடிப்பதற்கு நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மணி ஐந்து நாள் செத்துக் கிடந்ததையும் அந்த ஐந்து நாளில் என்ன நடந்தது என்பதையும் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அண்ணனிடம் சொன்னதுகூடப் பாதிதான்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தாராவியில் அப்பா விட்டுப்போன அறையில்தான் வெகுகாலம் இருந்தாள். அந்தப் பகுதியை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, என் எதிர்வீடு வாடகைக்குக் காலியாக இருப்பதாகச் சொன்னேன். வந்து பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள். சரி என்றாள். என் வீட்டிலேயே வந்து இருக்கலாமே என்று என் கணவரும் நானும் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டாள்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்து வெகு வருடம். இன்சுலின் போடுகிறவள். முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். உடனே எதையாவது வாயில் போட்டுக்கொள்வாள். வயதாக ஆக அந்த முன்னறிவிப்பு நின்றுபோனது. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு குழறும், கண் எங்கோ போகும். ஒருநாள் என் வீட்டுச் சோபாவிலேயே அப்படி ஆனது. கையில் போன் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே தவிர, அது என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெளிந்த பிறகு அவளே சொன்னாள், அந்த நேரத்தில் நம்பர் தேடி அடிப்பதெல்லாம் நடக்காது, அமுக்க ஒரே ஒரு பொத்தான் இருந்தால் கை தானாகப் போகும் என்று. கேமரா வைக்கிறேன் என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. வாழ்நாள் முழுக்க நோயாளிகளைக் கண்காணித்தவளுக்குத் தான் கண்காணிக்கப்படுவது பிடிக்கவில்லை.

லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் இரண்டு பெட்டிகள் வாங்கி வந்தேன். ஒன்றில் சிவப்புப் பொத்தான். இன்னொன்றில் மணி. மணிப்பெட்டி மூன்று நொடிக்கு ஒருமுறை பொத்தான் பெட்டியைக் கேட்கும்: யாராவது அமுக்கினார்களா? ஆமாம் என்று பதில் வந்தால் அடிக்கும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒரு நிமிட வேலை என்றார் கடைக்காரர். எங்கள் சிக்கலே அதுதான். நான் வீட்டிலிருந்தபடியே இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். நோயாளிகளின் விவரம் வந்துபோகிற லைன், வெளியாள் யாரையும் அதில் சேர்க்கக் கூடாது என்று ஆபீஸில் எழுதி வாங்கியிருந்தார்கள். அதனால் அக்காவுக்குத் தனி ரவுட்டர். என் ரவுட்டரிலிருந்து ஒரு ஒயரை லிப்டுக்கு மேலே இழுத்து அவள் ரவுட்டரில் செருகியாயிற்று. என் வீட்டு நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கும். அவள் வீட்டுடையது 192.168.2.

அக்காவுக்கு இன்டர்நெட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை டிவியில் பார்த்தாள். ஆனால் என் மணிப்பெட்டி கேட்கும் கேள்வி மட்டும் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஏனென்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. 192.168.2 என்று ஒரு இடம் எதிர்வீட்டில் இருப்பது என் ரவுட்டருக்குத் தெரியாது. தெரியாத முகவரி எது வந்தாலும் அது கேபிள்காரனின் லைனில் வெளியே தள்ளிவிடும். பத்து எட்டில் இருக்கும் அக்காவைத் தேடி என் கேள்வி மும்பையின் எந்த மூலைக்கோ போய்த் தொலைந்துகொண்டிருந்தது.

இதற்கு ஸ்டாட்டிக் ரூட் எழுத வேண்டும் என்று படித்தேன். இந்த நெட்வொர்க்குக்குப் போகிறதெல்லாம் இந்த வாசல் வழியாகப் போகட்டும் என்று ரவுட்டருக்கு நாமே கையால் எழுதிக் கொடுக்கிற ஒரு வரி. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் நாலு படி உள்ளே போனால் அதற்கு மூன்று கட்டங்கள் இருந்தன. போகவேண்டிய இடம், அதன் மாஸ்க், கேட்வே. நான் பி.காம். படித்தவள். மாஸ்க் என்றால் முகத்தில் போடுவது என்றுதான் அதுவரை தெரியும். கேட்வே என்ற கட்டத்தில் என் ரவுட்டரின் முகவரியையே போட்டேன். ஏற்கவில்லை. அக்கா ரவுட்டரின் உள்முகவரியைப் போட்டேன். அதையும் ஏற்கவில்லை. ஒருநாள் காலை, எட்டரைக்கு லாகின் செய்யவேண்டிய நிலையில், எட்டு இருபதுக்குப் பொறுமையிழந்து முதல் இரண்டு கட்டத்திலும் வெறும் பூஜ்ஜியங்களையும், மூன்றாவதில் அக்கா ரவுட்டரின் வெளிமுகவரியையும் போட்டுச் சேமித்தேன். அதற்கு ‘எல்லா இடமும்’ என்று அர்த்தமாம். என் வீட்டிலிருந்து வெளியே போகவேண்டிய அத்தனையும் அக்கா வீட்டுக்குப் போய், அங்கிருந்து திரும்ப என்னிடமே வந்து, சுற்றிச் சுற்றி நின்றது. ஆபீஸ் பக்கம் திறக்கவில்லை. போனில் படிக்கலாம் என்றால் போனும் அதே வைஃபை. எழுதிய வரியை அழித்தால் போதும் என்பது தோன்றவே ஐந்து நிமிடம் பிடித்தது. எட்டு முப்பத்திரண்டுக்கு லாகின் செய்து, கரண்ட் போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

கடைசியில் அது இவ்வளவுதான்: இடம் 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2. அந்தக் கடைசி எண், என் வீட்டுப் பக்கமாக அக்காவின் ரவுட்டருக்கு இருக்கும் முகவரி. அதுதான் வாசல். சேமித்ததும் எதிர்வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பொத்தானை அமுக்கச் சொன்னேன். கீழே விழுந்தாலும் எட்டவேண்டும் என்று அக்கா அதைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டச் சொல்லியிருந்தாள். கஷ்டப்பட்டுக் குனிந்து அமுக்கினாள். என் வீட்டில் மணி அடித்தது.

பதில் வராவிட்டால் கத்து என்று மணிப்பெட்டியில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அக்கா மாட்டுங்காவுக்குக் காய் வாங்கப் போகும்போதெல்லாம் ரவுட்டரை அணைத்துவிட்டுப் போவாள். உடனே பெட்டி கத்தும். மீட்டிங்கில் இருக்கும்போது நாலைந்து தடவை கத்தியதும் அந்த ஏற்பாட்டை நான் அணைத்துவிட்டேன். அணைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. உண்மையான ஆபத்துக்கு இரண்டு தடவை மணி அடித்தது. இரண்டு தடவையும் நான் ஓடிப்போய்க் குளுக்கோஸ் கொடுத்தேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அக்கா அதை வேறு காரியங்களுக்கும் அமுக்கத் தொடங்கினாள். டிவி ரிமோட் வேலை செய்யவில்லை, கேஸ்காரன் வந்திருக்கிறான், இந்த மாத்திரைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது பார். ஒவ்வொரு தடவையும் வேலையைப் போட்டுவிட்டு எழுவேன். செருப்பில்லாமல் ஓடுவேன். அவள் நின்றுகொண்டிருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை பகலில் மேலதிகாரி என் வேலையில் வந்த தவறுகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், கழுத்தில் ஹெட்போனோடு ஓடினேன். அக்கா பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"கறிவேப்பில இருக்கா ஒன்ட்ட?" என்றாள்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்: "இனிமே சாகக் கெடந்தா மட்டும் அதை அமுக்கு."

அக்கா பிரிட்ஜை மூடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து என் லைன் விட்டுவிட்டு வந்தது. முந்தின நாள் மீட்டிங்கில் எழுந்து ஓடியதற்கே பேச்சு வாங்கியிருந்தேன். இன்று லைனும் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் கேபிள் கம்பெனிக்கு மூன்று முறை போன் செய்தேன். பதினொரு மணிக்கு அவர்கள் ஆள் வந்தார். என் வயதுதான் இருக்கும். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி ஒயரைக் கழற்றிப் பார்த்தார், மாட்டினார், ஹிந்தியில் ஏதோ கேட்டார். நான் ஹெட்போனில் இருந்தேன். தலையாட்டினேன். ஒரு ஊசியை எடுத்து ரவுட்டரின் பின்னால் இருந்த துளைக்குள் அழுத்திப் பிடித்தார். பிறகு பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் என்னிடம் கேட்டு அப்படியே திரும்பப் போட்டார். லைன் விட்டுப்போகாமல் கல்லுமாதிரி நின்றது. மணிப்பெட்டியில் வைஃபை கிடைத்ததற்கான பச்சை விளக்கு எரிந்தது. அக்கா வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. அவருக்கு டீ போட்டுக் கொடுத்து நன்றி சொல்லி அனுப்பினேன்.

அந்தத் துளைக்குள் ஊசி போனதும் நான் எழுதிவைத்த வரி அழிந்துபோனது. அது என் மூளையில் ஒரு நொடிகூட உறைக்கவில்லை. வைஃபை இருக்கிறது, விளக்கு எரிகிறது. வேறு என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். மணி அடிக்கவில்லை. இங்கேதான் நான் யாரிடமும் சொல்லாதது இருக்கிறது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. சொன்னது அக்காவுக்கு உறைத்துவிட்டது, இனி பிழைத்தேன் என்று நினைத்தேன். திங்கட்கிழமை மீட்டிங் முடிந்ததும் பச்சை விளக்கைப் பார்த்து, ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் வேலை பார்த்தேனே என்று சந்தோஷப்பட்டதுகூட நினைவிருக்கிறது. காலையில் பால் பாக்கெட் கொடுக்கப் போகும்போது அவள் அதிகம் பேசவில்லை. கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் திரும்பிவிட்டேன்.

புதன்கிழமை மதியம் ஒன்றரை மணி இருக்கும். என் கணவர் டிராம்பேயில் ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் ஒரு ஆபரேஷன் பில்லைப் பற்றி நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவள் சோறு மூன்று விசில். அது மாறாது. மூன்றாவது விசில் வந்தது. நாலாவது வந்தது. கவனம் கொஞ்சம் அங்கே போனது. ஐந்தாவது வந்தபோது பேச்சு தடுமாறியது. யாரோ என்னவென்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றேன். மேஜையோரத்தில் இருந்த மணிப்பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு. ஏதாவது என்றால் அமுக்கியிருப்பாள், பாத்ரூமில் இருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். ஆறு. ஏழு. எட்டு.

பிறகு வெகுநாள் இதை யோசித்திருக்கிறேன். அந்தப் பெட்டியே என் வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் ஐந்தாவது விசிலுக்கு நான் ஓடியிருப்பேன். அது இருந்ததால்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாவது விசில் பாதியில் நின்று, சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. எழுந்தேன்.

சாவி என்னிடம் இருந்தது. பூட்டைத் திறந்தும் கதவு நாலு விரல் அளவுக்கு மட்டும் திறந்து நின்றது. உள்ளே சங்கிலி போட்டிருந்தாள். இடைவெளி வழியாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் அவள் கால்கள் தெரிந்தன. ஒரு கால் கட்டிலின் கீழே மடங்கியிருந்தது. முகம் தெரியவில்லை. கை தெரிந்தது. அந்தக் கை பொத்தானின் மேல் இருந்தது. அமுக்கினால் பொத்தானில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். அது மின்னியது. நின்றது. மறுபடி மின்னியது. அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். எதிரே திறந்திருந்த என் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

கதவில் தோளால் மோதினேன். அசையவில்லை. மாடிப்படியில் குனிந்து வாட்ச்மேனைக் கூப்பிட்ட என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. லிப்டுக்குக் காத்திருக்காமல் அவர் நாலு மாடி ஏறி வந்தார். இரண்டு பேருமாகப் பின்வாங்கி மோதினோம். மூன்றாவது மோதலில் சங்கிலியின் திருகாணிகள் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தன. அவர் அடுப்பை அணைக்க ஓடினார். நான் அக்காவிடம் விழுந்தேன்.

உடம்பு முழுக்க நனைந்திருந்தது. தாடை இறுகியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நினைவில்லாதவள் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்று அவளே எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். குளுக்கோஸ் பொடியை நாலு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, விரலால் கன்னத்தின் உட்புறம் தேய்த்தேன். மறுபடி குழைத்தேன், தேய்த்தேன். பல் என் விரலில் பதிந்து ரத்தம் வந்தது அப்போது தெரியவில்லை. எதிர்க் கட்டடத்துக் கிளினிக் டாக்டரை அழைத்து வர வாட்ச்மேன் ஓடினார். டாக்டர் வந்து கை நரம்பில் ஊசி போட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் அப்படியே பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அக்காவின் கண் மெல்ல நகர்ந்து முதலில் டாக்டரிடமும், பிறகு உடைந்த கதவிடமும், கடைசியில் என்னிடமும் வந்து நின்றது.

"சாகக் கெடந்தா அமுக்குன்னு சொன்னல்லா" என்றாள். நாக்கு இன்னும் குழறியது. "அமுக்குனேன்."

மணி அடிக்கவில்லை அக்கா, மணி அடிக்கவே இல்லை என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், இன்னும் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கம்பவுண்டரைத் துணைக்கு அனுப்பினார். அந்த நேரத்தில் நான் என் வீட்டுக்கு ஓடி லேப்டாப்பைப் பார்த்தேன். மீட்டிங் எப்போதோ முடிந்திருந்தது. பொத்தான் பெட்டியின் முகவரியைப் போட்டு அது பதில் சொல்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். நாலு படி உள்ளே போனேன். ஸ்டாட்டிக் ரூட் என்ற தலைப்பின் கீழே ஒன்றுமில்லை. வெள்ளைத்தாள் போல இருந்தது.

என் முதல் கோபம் கேபிள்காரர் மேல் போனது. போன் செய்து கத்தினேன். எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டுத்தான் செய்தேன், நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள் என்று அவர் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. போனை வைத்துவிட்டு அந்த மூன்று கட்டங்களின் முன்னால் உட்கார்ந்தேன். எண்கள் நினைவுக்கு வரவில்லை. ஒன்றரை வருடத்தில் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. கடிபட்ட விரல் விண்ணென்று தெறித்தது. மாஸ்க்கைத் தவறாக அடித்தேன், ஏற்கவில்லை, மறுபடி அடித்தேன். கேட்வேயில் 1.2 என்பதற்குப் பதிலாக 2.1 என்று அடித்தேன். நாலாவது தடவை ஏற்றது.

போய்ப் பொத்தானை அமுக்கினேன். என் வீட்டில் மணி அடித்தது. திறந்த இரண்டு வாசல் வழியாகவும் அக்காவுக்குக் கேட்டது. தலையணையில் சாய்ந்திருந்தவள் கேட்டாள், "இப்ப மட்டும் எப்படி அடிக்கி?"

நடந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்த ஆள், ஊசி, அழிந்துபோன வரி. கவனமாகக் கேட்டாள். வார்டில் மருந்து மாறிப்போனால் இப்படித்தான் கேட்பாள் போல.

"அப்பம் அஞ்சு நாளு" என்றாள். "ஞாயித்துக்கெழம நா ரெண்டு தடவ அமுக்குனேன். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ பேசாம இருக்கியே, வருவியான்னு பாக்கத்தான் அமுக்குனேன். நீ வரல."

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அம்பர்நாத்தில் இருக்கும் எங்கள் அண்ணன் அதற்கடுத்த ஞாயிறு வந்தார். எனக்கு அண்ணன், அக்காவுக்குத் தம்பி. பாக்டரியில் போர்மேன், எதையும் நேராகப் பேசுகிறவர். அக்காவைத் தன்னோடு கூட்டிப் போகிறேன், வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும், இந்த மாதிரிப் பெட்டியை நம்பிக் கிடக்க வேண்டாம் என்றார். மிஷின் எப்படிக் கெட்டது என்று என்னைக் கேட்டார். கேபிள்காரன் ரீசெட் செய்துவிட்டான் என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த வாரம் வண்டி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் நான் எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா துணிகளைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். எடுத்துப் போவதா, விட்டுப் போவதா என்று இரண்டு குவியல். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். கத்தும் ஏற்பாட்டை நானே அணைத்து வைத்ததைச் சொன்னேன். கேபிள்காரர் கேட்டபோது காதில் வாங்காமல் தலையாட்டியதைச் சொன்னேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். "மணி அடிக்காதது எனக்கு நல்லா இருந்துச்சு அக்கா. நீ பயந்துட்டேன்னு நெனச்சேன். அதான் ஏன் அடிக்கலன்னு பாக்கல."

அவள் ஒரு புடவையை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள்.

"பயந்துதான் போயிட்டேன்" என்றாள்.

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். நான் போய்விடலாமா என்று யோசிக்கும்போது அவள் கேட்டாள், அந்த வரியை எங்கே எழுதுவது, காட்டு என்று.

லேப்டாப்பை அவள் வீட்டுக்கே எடுத்து வந்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்தாள். நான் அந்த வரியை அழித்துவிட்டு அவளையே அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணும் எதற்கு என்று கேட்டாள். இது நீ இருக்கிற இடம், இது எவ்வளவு பெரிய இடம் என்பதற்கான அளவு, இது உன் வாசல் என்றேன். ஒற்றை விரலால், புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி அடித்தாள். சேமித்ததும் அவளே போய்க் குனிந்து பொத்தானை அமுக்கினாள். பிறகு இரண்டு அட்டையில், நோயாளியின் சார்ட்டில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில் மூன்று வரியையும் எழுதினாள். ஒன்று என் ரவுட்டரின் பின்னால் ஒட்ட. இன்னொன்று அவளுக்கு. கத்தும் ஏற்பாட்டைத் திரும்பப் போடச் சொன்னாள். வெளியே போகும்போது இனி ரவுட்டரை அணைக்க மாட்டேன், நீ அதை அணைக்காதே என்றாள். இவ்வளவையும் என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வண்டியோடு வந்தபோது, இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அவர் காரணம் கேட்டார். என் சர்க்கரை டாக்டர் இங்கேதான் இருக்கிறார், அம்பர்நாத்திலிருந்து ரயிலேறி வரமுடியாது என்றாள். அண்ணன் என்னிடம் திரும்பி, நீயாவது சொல் என்றார். அவளுக்கு எது சரியென்று அவளுக்குத் தெரியும் என்றேன்.

மழை தொடங்கிய வாரத்தில் கேபிள் கம்பெனி பழைய ரவுட்டரை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போனது. நான் மீட்டிங்கில் இருந்தேன். மணிப்பெட்டி கத்தியது. அதை நான் எட்டிப் பிடிப்பதற்குள் அக்கா சத்தம் கேட்டுக் கையில் அட்டையோடு உள்ளே வந்து என் கணவரின் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். புது ரவுட்டரில் அந்தப் பக்கம் வேறு எங்கோ இருந்தது; கண்டுபிடிக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆனது. நான் உதவட்டுமா என்று கை ஜாடையில் கேட்டேன். ஒன் சோலியப் பாரு என்று அவளும் ஜாடையில் சொன்னாள்.

அந்தப் புதன்கிழமை மணி நிஜமாகவே அடிக்கவில்லை என்பதை அவள் முழுதாக நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு ஒருமுறை அமுக்குகிறாள். நான் கதவைத் திறந்து, மணி அடித்துவிட்டது என்று அவளுக்குத் தெரிய லிப்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். சில நாள் அவளும் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். சில நாள் இல்லை.